வளைகாப்பில் காட்டிய கன்னம்

இன்று டெக்சஸ் மாநிலத்துப் பிளானோவில் தோழியின் வளைகாப்பு. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் ஸ்கின் டாக்டர் ஆன்ட்டி நின்றிருந்தார்.

அவர் கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க இரண்டு மாதம் ஆகும். விசேஷ வீட்டில் இரண்டு நிமிடம் போதும். ஒரு வாரமாகச் சிவந்து தோலுரியும் என் கன்னத்தைக் காட்டினேன்.

ஒரு கையில் வடைத் தட்டு. மறு கையால் என் தாடையைத் திருப்பிப் பார்த்தார்.

“முகத்துக்கு என்னெல்லாம் போடற?”

“ஏழு ஐட்டம் ஆன்ட்டி. எல்லாம் ரீல்ஸ் பாத்து வாங்கினது.”

“இருபத்திரண்டு வயசுல எதுக்கும்மா ஏழு? எல்லாத்தையும் ஸ்டாப் பண்ணு. மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன், அவ்ளோதான். ரீல்ஸ நம்பாத.”

நிம்மதியாகப் புளியோதரை சாப்பிட்டேன். காரில் உட்கார்ந்து, ஃபாலோ செய்யும் பியூட்டி அக்கவுன்ட்களை எல்லாம் அன்ஃபாலோ செய்யலாம் என்று போனைத் திறந்தேன்.

முதல் ரீலிலேயே வெள்ளைக் கோட்டில் அதே ஆன்ட்டி. “இருபதுகளில் உள்ள பெண்களுக்குக் கட்டாயம் தேவையான எட்டு பொருட்கள்.” கீழே அவற்றை வாங்க டிஸ்கவுண்ட் கோட். முதல் ஏழும் என்னிடம் இருப்பவைதான்.

முன்பே நேரம் குறித்து வைத்திருப்பார் போல, பதிவு ஏறி அரை மணி நேரம்தான் ஆகிறது. அது ஏறிய நேரத்தில் அவர் கையில் என் தாடை இருந்தது.

ஆன்ட்டி இன்னும் உள்ளேதான் பாயசம் குடித்துக்கொண்டிருக்கிறார். கன்னம் எரிகிறது. திரும்பிப் போய்க் கேட்பதா, லைக் போட்டுவிட்டுக் கிளம்புவதா? என்னிடம் அந்த எட்டாவது வேறு இல்லை.