கொசுப்புகைக்காரரின் ஆறு கீமோ

கீமோ வார்டு நர்ஸ் வேலையில் ஊசி குத்துவது கால் பங்கு, "எதுக்கு சிஸ்டர்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது முக்கால் பங்கு. நரம்பு தேடித் தேடிக் கண் பூத்துப்போன சக சிஸ்டர்களே, உங்களுக்குத் தெரியாததா!

மூணு மருந்து

எங்கள் வீட்டில் தமிழ், வார்டில் மலையாளம். தமிழ்க்காரர் வந்தால் டாக்டர் என்னைத்தான் கூப்பிடுவார். அப்படி வந்தவர்தான் பழனி அண்ணன். மட்டாஞ்சேரித் தெருக்களில் கொசுப்புகை அடிக்கிற கார்ப்பரேஷன் ஊழியர். கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி, நிணநீர்ப் புற்றுநோய். இருபத்தோரு நாளைக்கு ஒரு தடவையாக ஆறு கீமோ.

"ஒரு கட்டிக்கு எதுக்கு மூணு மருந்து?" என்று பிடித்துக்கொண்டார். "புற்று செல் பெருகறதுக்கு முன்னாடி தன்னையே ஒரு நகல் எடுக்கும், அப்புறம் ரெண்டாப் பிரியும். இந்தச் சிவப்பு மருந்து நகலைக் கெடுக்கும். இந்தச் சின்ன ஊசி பிரியறப்போ பிடிச்சு நிறுத்தும். மூணாவது, பெருகறப்போ எந்தக் கட்டத்துலயும் அடிக்கும்" என்றேன். அண்ணனுக்கு ஏக சந்தோஷம்.

"அப்போ ஒரு பய தப்பிக்க முடியாதுன்னு சொல்லுங்க!" என்றார். நான் பாவி, தலையாட்டி வைத்தேன்.

சிவப்பு

அன்று சாயங்காலமே அவர் மனைவி செல்வி போனில் அலறினாள், சிறுநீர் சிவப்பாகப் போகிறதாம். மருந்தின் நிறம்தான், ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று அண்ணனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"நான் சாயா வாங்கப் போன நேரத்துல சொன்னீங்களா? அப்போ இந்த மனுஷன் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கியிருக்கு சிஸ்டர்!"

நாலாவது

மூன்று கீமோவில் முடி போனது, கட்டியும் போனது. நாலாவதுக்கு ஆளைக் காணோம். போன் போட்டால் பின்னால் புகை மெஷின் சத்தம். "போன வாரம் அடிச்ச கொச்சங்காடியிலயே திரும்ப வேலைக்கு வந்துட்டேன் சிஸ்டர். கட்டிதான் போயிடுச்சே, மறுபடி எதுக்கு வாந்தி எடுக்கணும்?"

வந்ததே கோபம்! "போன வாரம் அடிச்ச தெருவுக்கு இன்னைக்கு மறுபடி எதுக்குப் போனீங்க?"

"புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணியில கிடக்கிற புழு தப்பிச்சிடும். அது பறக்கிறப்போ திரும்ப அடிக்கணும். இது தெரியாம ரெண்டாம் தடவை போனா வீட்டுக்காரங்க கதவைச் சாத்துறாங்க, முட்டாளுங்க!"

"செல்லும் அப்படித்தான் அண்ணே. பெருகாம தூங்குறது மருந்துக்குத் தப்பிச்சிடும். அது முழிச்சுப் பெருகறப்போ அடிக்கத்தான் அடுத்த கீமோ. நடுவுல விடுற நாள் உங்க ரத்தம் தேறுறதுக்கு." முதல் நாள் நான் விழுங்கிவிட்ட பாதி இதுதான்.

மெஷின் சத்தம் நின்றது. "இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன!" என்றார். மறுநாள் காலை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

கதவு

ஆறும் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இருந்த சுவடே இல்லை என்றார் டாக்டர். செல்வி அழுதாள், நானும் அழுதேன். அண்ணனோ பக்கத்து நாற்காலியில் இருந்த புது மலையாளி நோயாளியின் பேச்சைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ரெண்டு கீமோவிலேயே கட்டி சுருங்கிவிட்டதாம், இனி வேண்டாமே என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார்.

"கதவைச் சாத்தாதே சேட்டா, உள்ளே தூங்குறவன் இன்னும் முழிக்கலை, கேட்டோ!"

இப்போதெல்லாம் தூங்குகிற செல்லிலிருந்துதான் பேச்சையே ஆரம்பிக்கிறேன், இல்லாவிட்டால் செக்கப்புக்கு வருகிற பழனி அண்ணன் என் வேலையின் அந்த முக்கால் பங்கையும் பிடுங்கிக்கொள்வார்.