தொட்டியில் விழுந்த தகடு

முப்பது வருடமாக உலோகத்தில் எழுத்து வெட்டிப் பிழைக்கிறவர் அவர். கேடயம், கதவுப் பலகை, கைக்கடிகாரத்தின் முதுகு என்று ஊரார் பெயரையெல்லாம் வெட்டியவர், ஏழு வருடமாகச் சிறுகச் சிறுக பிட்காயின் சேர்த்திருந்தார். வாடகைக்கு இருக்கும் பட்டறையைச் சொந்தமாக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. உரிமையாளர் கொடுத்த கெடு இந்த மாதக் கடைசி.

இணையத்தில் விட்டுவைத்தால் களவு போகுமென்று பயந்து, கட்டைவிரல் அளவில் ஒரு ஹார்டுவேர் வாலட் வாங்கினார். காசைத் திறக்கும் சாவி அதற்குள்ளேயே இருக்கும், வெளியே வராது. கருவி தொலைந்தாலும், முதல் நாள் அது காட்டிய இருபத்துநான்கு ஆங்கிலச் சொற்களை வேறொரு கருவியில் இட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும். காகிதம் நனையும், எரியும். ஆகவே மனிதர் அந்தச் சொற்களை எஃகுத் தகட்டில் வெட்டினார், காகிதத்தைக் கொளுத்தினார். கருவி பீரோவில், தகடு வங்கி லாக்கரில். மனைவிக்குக்கூட ஒரு சொல் தெரியாது.

கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கையில் கருவியைக் கணினியில் செருகினார். இருப்பு பூஜ்யம்.

விற்ற கடைக்கு ஓடினார். கடைக்காரப் பெண் திரையைப் பார்த்தாள். "கருவியில கோளாறு இல்ல சார். மூணு வாரம் முன்னாடியே எல்லாம் வேற இடத்துக்குப் போயிருக்கு. உங்க வார்த்தைங்க யார்கிட்டயோ இருக்கு."

"என்னைத் தவிர யாருக்கும்மா தெரியும்?"

"போட்டோ எடுத்தீங்களா? வேற எங்கயாவது எழுதினீங்களா?"

பேருந்தில் பாதி வழியில்தான் உறைத்தது. நல்ல தகட்டில் கை வைக்கும் முன், இடைவெளி சரியாக வருகிறதா என்று ஒரு பித்தளைத் துண்டில் வெட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். அன்றும் இருபத்துநான்கு சொற்களையும் வெட்டிப் பார்த்தார். கை தன் போக்கில் அதைக் கழிவுத் தொட்டியில் எறிந்தது. தொட்டியை வாராவாரம் எடைக்குப் போடுவது பக்கத்து மேசைக்காரர்: அவருடைய சகலை, மைத்துனியின் கணவர், கைபேசியில் ஓயாமல் காயின் விலை பார்க்கிற ஆள்.

பட்டறைக்குப் போய்க் கேட்டபோது சகலை மறுக்கவில்லை. கையிலிருந்த உளியைக் கீழே வைக்கவும் இல்லை. "கழிவெல்லாம் நீயே எடுத்துக்கோன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

"பித்தளையைச் சொன்னேன்டா!"

"எழுத்தைத் தேய்ச்சு அழிக்காம போட்டது யாரு? ஊருக்கே புத்தி சொல்லுவீங்களே. ரெட்டிப்பாக்கித் திருப்பி வெச்சிடலாம்னு வேற காயின்ல போட்டேன். அது படுத்துருச்சு."

"பட்டறை வாங்கினா, பலகையில உன் பேரையும் வெட்டணும்னு இருந்தேன்டா."

"வாயைத் திறந்து சொல்லியிருந்தாத்தானே தெரியும்?"

வீட்டில் மனைவி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள். "போலீசுக்கு மட்டும் போயிடாதீங்க. தங்கச்சி குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்."

"நாம எந்தத் தெருவுல நிக்கிறோம்?"

அவள் அதிர்ச்சியே அடையவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் பட்டது. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தங்கச்சி போன வாரம் வந்து சொல்லி அழுதா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ஒரு வாரம். தினமும் அவர் முன்னால் தட்டு வைத்து, தண்ணீர் வைத்து, ஒரு வாரம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

காவல் நிலையத்தில் காவலர் பேனாவைத் திறந்தார். "சந்தேகப்படுற ஆளு உங்களுக்கு என்ன உறவு?"

"பக்கத்து மேசையில வேலை பார்க்கிறவர்," என்றார்.

"சொந்தம் எதுவும் இல்லையே?"

"இல்ல. எழுதிக்குங்க."