ஜவேல் மணமும் ஒரு மொழிபெயர்ப்பும்

புதுத் துவாய் திட்டுத்திட்டாய் வெளிறிக் கிடந்தது. குளியலறை முழுக்க ஜவேல் வெளுப்புத் தண்ணீரின் நெடி. குளியலறையைக் கழுவும் பொறுப்பைப் பதின்மூன்று வயது மகளிடம் கொடுத்திருந்தேன்.

"உன்ரை வயசிலை நான் அம்மாவுக்குப் பிரெஞ்சே மொழிபெயர்த்தனான்!" என்று கத்தினேன்.

கத்திய வாயை அந்த நெடி அடைத்தது. அது அம்மாவின் கை மணம். அன்று, கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் கட்டடம் கழுவும் வேலை முடிந்து, பனி ஒட்டிய சப்பாத்தோடு அம்மா நேரே என் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். ஆசிரியை பிரெஞ்சில் சொல்வதைத் தமிழில் சொல்வது என் வேலை.

"உங்கள் மகள் மூன்று கிழமையாக வீட்டுப்பாடம் செய்யவில்லை" என்றார் ஆசிரியை.

"நான் நல்ல கெட்டிக்காரியாம், அம்மா" என்றேன் நான்.

அம்மா எழுந்து, வெடித்த கைகளால் ஆசிரியையின் கையைப் பற்றி, "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னார். ஆசிரியை திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும், "நீ இல்லாட்டி நான் என்ன செய்வன், பிள்ளை?" என்று அதே கையால் என் கன்னத்தைத் தடவினார் அம்மா.

அந்த நாளைத்தான் இத்தனை காலமும் மகளுக்கு உதாரணமாகச் சொல்லிவந்திருக்கிறேன்.

"நான்தான், அம்மா. கவனிக்காமல் துவாயிலை ஜவேலை ஊத்திப்போட்டன்" என்றாள் மகள், என் கண்ணைப் பார்த்து.

நான் துவாயைப் பார்த்தேன்.