தராசுத் தட்டில் கல்

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம், ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அக்கா நின்றார். வேர்க்கடலை மண்டியில் புடைக்கிற கூலிக்காரர். புருவத்தில்கூடத் தூசி, இடுப்பில் முறம். அரிசி வாங்கியதும் கடை வாசலிலேயே உட்கார்ந்து புடைத்தார். பொறுக்கிய கல்லையெல்லாம் தராசுத் தட்டில் கொட்டினார்.

“இந்த எடைக்கு அரிசி போடுங்க.”

“ஊரே வாங்கினு போவுது, உனக்கு மட்டும் என்னாம்மா? கார்டையே ரத்து பண்ணிடுவேன்,” என்றார் கடைக்காரர்.

“பண்ணுங்க. அரிசிய போட்டுட்டுப் பண்ணுங்க.”

வரிசை சிரித்தது. கடைக்காரர் கோபத்தில் கடையை மூடிவிட்டால் என் பிள்ளைகளுக்கு அன்று சோறு இல்லை.

“விட்டுடுக்கா, கொஞ்சம் கல்லுதானே,” என்றேன்.

“கல்ல கடிச்சி பல்லு போச்சினா, எந்தக் கடையில கார்டுக்குப் பல்லு தர்றாங்க?”

கடைக்காரர் முனகிக்கொண்டே இரண்டு கை அரிசி அள்ளிப் போட்டார். அக்கா முறத்தைத் தட்டி என்னிடம் நீட்டினார்.

“உன்னுத புடை. நான் இங்கதான் இருப்பேன்.”

ஐந்தாவதோடு படிப்பு நின்ற எனக்கு அதுவரை கடைக்காரர் சொன்னதுதான் சட்டம். என் அரிசியை வாங்கி அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து புடைத்தேன். ஒரு கல்லைக்கூட விடவில்லை. தட்டில் நான் கொட்டியபோது பின்னாலிருந்து ஒருத்தி, “அடுத்து முறம் எனக்கு,” என்றாள்.