வெர்லின் ஹோடாப் ஒடித்த அட்டைக் காசோலை

வெர்லின் ஹோடாப் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். ஒஹாயோவில் எங்கள் ஊரில் அவர் கூரை போடாத தெருவைக் காட்டுங்கள் பார்ப்போம். எங்களைப் போல வெறுங்கையோடு மேலே வந்தவர்கள் எவனிடமும் பல்லிளிப்பதில்லை. அவரும் அப்படித்தான். ஃபுட்பால் என்றால் மட்டும் உருகிவிடுவார். பல்கலைக்கழக அணி சம்பாதித்துக் கொடுத்துத்தான் வகுப்பறைகள் ஓடுகின்றன என்று ஊரே நம்பியது, அவரும் நம்பினார். அந்த நம்பிக்கையில், மைதானத்தின் செய்தியாளர் கூடத்துக்குச் சல்லிக்காசு வாங்காமல் கூரை போட்டுக் கொடுத்தார்.

அவர் மகள் ஜோலீன் அதே பல்கலைக்கழகத்தில் நிலவியல் சொல்லிக்கொடுத்தாள். இந்த இலையுதிர் காலத்தில் அவள் துறையை இழுத்து மூடப்போவதாக அறிவித்தார்கள்.

“ஃபுட்பால் காசெல்லாம் எங்கடி போகுது?”

“தலைகீழா புரிஞ்சு வெச்சிருக்கீங்கப்பா. பசங்க கட்டுற ஃபீஸ்ல பிடுங்கித்தான் ஃபுட்பாலே நடக்குது. என் வகுப்புல கூரை ஒழுகி, ரெண்டு வருஷமா பக்கெட் வெச்சிருக்கேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா ஓசியில போட்டுடுவீங்க. அவங்கதானே போடணும்!”

கூரைக்காரன் மகள் வகுப்பில் பக்கெட்! வெர்லினுக்கு மண்டைக்குள் தீப்பிடித்தது.

பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் சனிக்கிழமை ஆட்டத்தின் இடைவேளையில், விளையாட்டுத் துறை தன் பங்காகப் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஆளுயர அட்டைக் காசோலை கொடுப்பது வழக்கம். கூரைக்கு நன்றியாக, ஒரு முனையைப் பிடிக்க வெர்லினை அழைத்திருந்தார்கள். மறுமுனையில் விளையாட்டு இயக்குநர் வாசர்.

“சிரிங்க வெர்லின், பெரிய திரையில தெரியறீங்க.”

“என் பொண்ணு துறைக்கு மட்டும் ஏன்யா காசில்ல?”

“அது வேற கணக்கு. இப்ப வேணாமே.”

“தோத்துக்கிட்டே இருக்கான்னு நீங்க வீட்டுக்கு அனுப்பின கோச்சுக்கு இன்னும் சம்பளம் போகுதே, அது எந்தக் கணக்கு?”

வாசர் காட்டிய பல்லை மூடாமலே, “அட்டையைத் தூக்கிப் பிடிங்க” என்றார்.

வெர்லின் தூக்கினார். முழங்காலில் வைத்துப் படாரென்று ஒடித்தார்.

அரங்கமே ஊளையிட்டது. வருஷக்கணக்காய் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பீர் குடித்த டேல்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான்: “வெளிய வந்து தொலைடா வெர்லின்! ஆட்டம் தொடங்கணும்!”

துறையை மூடிவிட்டார்கள். ஜோலீன் பெட்டி கட்டிக்கொண்டு மொன்டானாவுக்குப் போனாள்.

வசந்தத்தில் வாசரிடமிருந்து போன். செய்தியாளர் கூடம் ஒழுகுகிறதாம். வெர்லின் போட்ட கூரை தானாக ஒழுகுமா? ஆலங்கட்டி மழை பிய்த்துவிட்டது.

“என் பொண்ணோட பக்கெட் இப்ப சும்மாதான் கெடக்கு,” என்றார் வெர்லின். “அதை எடுத்து வெச்சுக்கங்க.”