கர்ப்பப்பை என்று சொல்லியே ஜெபித்தேன்

அன்பான சகோதரிகளே, ஸ்தோத்திரம். கோபத்தோடு ஜெபித்தவளுக்கும் ஆண்டவர் காது கொடுத்தார். அதைச் சொல்லத்தான் இந்தச் சாட்சி.

என் பெயர் எஸ்தர். அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் காலனிக்கு ஒரு மருத்துவ வண்டி வரும். அடுத்த குழந்தையைத் தள்ளிப்போடலாம் என்று அதில்தான் காப்பர்-டி போட்டுக்கொண்டேன். "அடுத்த மாசம் வந்து பாக்கறேன், பயப்படாத கண்ணு" என்றார் டாக்டரம்மா. அடுத்த மாதம் வண்டி வரவில்லை. வெளிநாட்டுப் பணத்தில் ஓடிய வண்டியாம். அந்த நாட்டில் உதவியை நிறுத்திவிட்டார்களாம். அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் போடுகிற பனியனைத் தைப்பவள் நான். அது தெரிந்திருந்தால் மட்டும் நிறுத்தாமல் இருந்திருப்பார்களா?

இங்கே எனக்கு உதிரம் நிற்கவில்லை. லீவு போட்டு, சம்பளம் போய், பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றேன். "போட்டவங்ககிட்டயே போய்க் காட்டும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். போட்டவர்கள் இருந்தால் நான் ஏன் அங்கே போய் நிற்கிறேன்? தனியார் ஆஸ்பத்திரியிலோ கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்றார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரே பெண் குழந்தை. இன்னொன்று வேண்டும் என்று ஆசை. மாமியாரோ, "எடுத்துப் போட்டா தொல்லை உட்டுது கண்ணு" என்கிறார். எல்லோருக்கும் அது கறிவேப்பிலை மாதிரி ஆகிவிட்டது.

மெஷினில் உட்கார்ந்தபடியே அழுவேன். "ஆண்டவரே, எனக்குப் பொறுமை போய்விட்டது" என்பதுதான் என் ஜெபம்.

எங்கள் சபையில் ஜெபக் குறிப்பு சொல்லும் நேரம் உண்டு. சர்க்கரை, கிட்னி எல்லாவற்றையும் பெயரோடு சொல்வோம். பெண்களுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் "சரீர பலவீனம்" மட்டும்தான். நானும் மாதக்கணக்கில் அப்படியே சொன்னேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை. ஒரு ஞாயிறு எரிச்சல் தாங்காமல் எழுந்துவிட்டேன்.

"ஐயா, காப்பர்-டி போட்டதுல இருந்து ரத்தம் நிக்கறதில்லீங்க. அதை எடுத்துவிட ஆளில்லீங்க. என்ற கர்ப்பப்பையவே எடுக்கோணும்ங்கறாங்க. அதைச் சொல்லியே ஜெபம் பண்ணுங்க."

ஆண்கள் பக்கம் ஒரே இருமல். என் கணவர் பைக்கைத் துடைக்க வெளியே போய்விட்டார். போதகர் கொஞ்ச நேரம் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லியே ஜெபித்தார்.

ஆராதனை முடிந்ததும், எனக்குப் பின்வரிசையில் உட்காருகிற கிரேஸ் அக்கா வந்து கையைப் பிடித்தார். பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம்.

"ஏங்கண்ணு, நான் ஹெல்த் சென்டர்ல நர்சுன்னு தெரியாதா? சாயங்காலம் லேடி டாக்டர் இருப்பாங்க. நாளைக்கு வா, நான் கூட இருக்கறேன்."

இத்தனை வருஷமாக என் ஜெபத்தின் பதில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்திருக்கிறது. மறுநாள் டாக்டர் பார்த்தார். காப்பர்-டி இடம் மாறியிருந்தது. எடுத்துவிட்டார். கொஞ்ச நேர வேலை. இதற்கா என் வயிற்றை அறுக்கப் பார்த்தார்கள்? மருந்து சாப்பிட்டேன், உதிரம் நின்றது. என் கர்ப்பப்பை என்னிடமே இருக்கிறது. ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

இப்போது எங்கள் சபைப் பெண்கள் நோயைப் பெயர் சொல்லியே சொல்கிறார்கள். ஆராதனை முடிந்தால் கிரேஸ் அக்காவைச் சுற்றிக் கூட்டம்தான்.

ஆனாலும் என் கோபம் தீரவில்லை. பக்கத்து மெஷின் மீனா ஒடிசாக்காரி. அதே வண்டியில் கருத்தடை ஊசி போட்டு வந்தாள். வண்டி நின்றது, ஊசியும் நின்றது. வேண்டாம் என்றிருந்த மூன்றாவது பிள்ளை இப்போது வயிற்றில். உடம்பில் ரத்தமே இல்லை. "அக்கா, உங்க சாமி நான் சொன்னா கேக்குமா?" என்றாள். கேட்பார் என்று சொல்லி, கிரேஸ் அக்காவிடம் கூட்டிப்போனேன்.

சகோதரிகளே, அவரை நம்புங்கள். கூச்சப்படாமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எனக்குக் கிடைத்த பதிலுக்கு நன்றி சொல்லிவிட்டேன். மீனாவுக்காக இன்னும் அவரோடு வழக்காடிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் வந்து என் பக்கத்தில் முழங்கால் போடுங்கள்.