லேபிள் கழுவின நாலு போத்தல்

வவுனியாவிலிருந்து வட்டக்கச்சிக்கு நாலு போத்தல் பியர் ருசி பார்க்கப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். மாசி மாதத்துச் சனிக்கிழமை காலை பஸ் ஏறும்போது எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை, அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி ஒருத்தி இப்போது அமெரிக்காவில் பியர் காய்ச்சுகிறாள். உணவு விஞ்ஞானம் படித்தவள், புலமைப்பரிசிலில் போனவள். அவள் வேலை செய்யும் இடம் நூறு வருசத்துக்கு மேல் பழைய பியர்க் கொம்பனி. எப்போதோ இழுத்து மூடி, மெசின்களையும் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்களாம். பிறகு யாரோ அந்தக் காலத்துக் குறிப்புக் கொப்பிகளைக் கண்டெடுத்து, அதே பியர்களைத் திரும்பக் காய்ச்சத் தொடங்கினார்கள். கொப்பியில் பாதி மழையில் நனைந்து அழிந்து கிடந்ததாம். அழிந்த பாதியை இவள்தான் காய்ச்சிக் காய்ச்சி, ஊற்றி ஊற்றிக் கண்டுபிடித்தாள். அதனால் ஒவ்வொரு லேபிளின் அடியிலும் காய்ச்சியவர் என்று இவளுடைய முழுப்பெயரைப் போட்டிருக்கிறார்கள். பெயரை நான் இப்போது எழுதவில்லை. ஏன் என்று போகப் போக விளங்கும்.

விடுமுறைக்கு வந்த அவளுடைய மச்சாள் நாலு வகையிலும் ஒவ்வொரு போத்தலைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து தாய் தகப்பனின் வட்டக்கச்சி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனா. தோழி எனக்குப் போன் எடுத்தாள். "நீ போய்க் குடிச்சுப் பார்த்து உள்ளதை எழுது. என்ர ஐயாவுக்கும் குடுத்துப் பார். அவர் என்ன சொல்றார் எண்டு ஒரு வசனம் எனக்கு வேணும். அஞ்சு வருசமா என்ர வேலையைப் பற்றி அவர் ஒரு கதை கேட்டதில்லை." அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தப் பயணம். பியர் எல்லாம் சாட்டு.

காலை 6.40க்கு வவுனியாவில் பஸ். கிளிநொச்சிக்கு ஏறக்குறைய எழுபத்தேழு கிலோமீற்றர், டிக்கற் 290 ரூபா. வலது பக்க யன்னலோரம் இருக்காதீர்கள், மாங்குளம் வரைக்கும் வெயில் முகத்தில் அடிக்கும். முறிகண்டியில் வழக்கம்போலப் பஸ்ஸை நிற்பாட்டினார்கள். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு 200 ரூபாவுக்கு வறுத்த கச்சான் கடலை வாங்கினேன். பிள்ளையார் வாசலில் பியருக்குக் கச்சான் வாங்கிய முதல் ஆள் நானாக இருக்க முடியாது. கிளிநொச்சியில் இறங்க 8.50. வட்டக்கச்சிக்குப் பஸ் இருக்கிறது, ஆனால் அது வருகிற நேரம் அதற்குத்தான் தெரியும். ஆட்டோ பிடித்தேன், 800 ரூபா. ஓட்டி வந்தவர் யார் வீடு என்று கேட்டார். சொன்னேன்.

"ஓ, அமெரிக்காவில தண்ணி சுத்திகரிக்கிற கொம்பனியில வேலை செய்யிற பிள்ளையின்ர வீடோ?" என்றார்.

"ஓம்" என்றேன். உண்மை அவருக்கு எப்படித் தெரியும்? ஊருக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையில் மூன்று பேர். ஐயா, அதாவது தோழியின் தகப்பன், நெல் விதைக்கிறவர், அதிகம் கதைக்க மாட்டார். அம்மா. அம்மாவின் தம்பி, தோழிக்குத் தாய்மாமன், அயலில் இருக்கிறவர். மாமாவின் மகன் லண்டனில் ஒரு சாராயக் கடையில் காசாளர். அவனைப் பற்றி மாமா எந்த ஒளிப்பும் இல்லாமல் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார். விற்றால் பெருமை, காய்ச்சினால் வெட்கம். இது என்ன நியாயம் என்று யாராவது எனக்கு விளங்கப்படுத்துங்கள்.

ஐயா பிரிட்ஜைத் திறந்தார். நாலு போத்தலும் மொட்டையாக நின்றன. ஒரே பழுப்புக் கண்ணாடி, ஒரே மூடி, ஒரு துண்டு லேபிள் இல்லை.

"லேபிளுகள் எங்க ஐயா?"

"கழுவிப்போட்டன் பிள்ளை." இரவு முழுக்க வாளியில் சவர்க்காரத் தூள் போட்டு ஊற வைத்து, காலையில் தும்பால் உரஞ்சியிருக்கிறார். "மச்சான் குடிக்க வாறான். அவன் இங்கிலிஸ் வாசிப்பான். அதில அவளின்ர பேருக்குப் பின்னால என்ர பேரும் கிடக்குது."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. எந்தப் போத்தல் எது என்று தெரியாமல் என்னத்தை எழுதுவது? அதைவிட, மழையில் அழிந்ததைத் தேடித் தேடி அவள் திரும்ப எழுப்பியிருக்கிறாள், இங்கே ஒரு மனிசன் வாளியும் தும்பும் எடுத்து அவளை அழித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த வீட்டில் நான் விருந்தாளி என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு மாமா வந்தார். விறாந்தையில் இரண்டு கதிரை, இரண்டு கிளாஸ். எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு வந்து இருந்தேன். மாமா கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிள்ளை குசினிக்குள்ள அக்காவுக்கு ஒரு கை குடுக்கலாமே?" என்றார்.

ஐயா தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகவர நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் இருக்கிற பயணத்தில் நான் பியரை ருசி பார்த்தது குசினியில், மீன் பொரிகிற அடுப்புக்குப் பக்கத்தில், சில்வர் பேணியில். ஒவ்வொரு போத்தலிலும் கொஞ்சத்தை முதலிலேயே ஊற்றி வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை விறாந்தைக்கு அனுப்பினேன். அந்தளவுக்கு நானும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

இரண்டு மஞ்சள், இரண்டு கறுப்பு. எது எது என்று நான் மணந்து மணந்து கடதாசியில் எழுதினேன். அம்மா மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து ஒரு பேணியை வாங்கி மூக்கடியில் பிடித்தா.

"பிழையா எழுதிறாய் பிள்ளை. இது சோளம் போட்டது. அவிச்ச சோளத்தின்ர வாசம் வருது பார். அந்தக் காலத்தில அங்க பார்லி காணாதெண்டு சோளமும் சேர்த்துத்தான் காய்ச்சினவையாம்." அடுத்ததை ஒரு மிடறு குடித்தா. வாழ்க்கையில் முதல் தடவை குடிக்கிறா, முகம் சுளிக்கவில்லை. "இது கசப்புக் கூடினது. வேப்பம்பூ வடகம் கடிச்ச மாதிரி. இதைத்தான் மூண்டு தரம் ஊத்திப்போட்டுத் திரும்பக் காய்ச்சினவள்." கறுப்பில் ஒன்று கருக வறுத்த கோப்பி, மற்றது பனம்பாணி என்றா. அது வசந்த காலத்தில் மட்டும் காய்ச்சுகிறதாம். நாலும் சரி. பிறகு தோழியிடம் கேட்டேன், நாலும் அப்படியே சரி.

"உங்களுக்கு எப்பிடியம்மா தெரியும்?"

"ஞாயிறு ஞாயிறு போனில சொல்லுவாள். நான் இஞ்ச கறி காய்ச்சுவன், அவள் அங்க பியர் காய்ச்சுவாள். ரெண்டு பேரும் நெருப்படியிலதானே நிக்கிறம்."

அவள் கேட்ட வசனம் எனக்கு இங்கேயே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவள் கேட்டது ஐயாவுடையது.

அந்த நேரம் பார்த்து விறாந்தையிலிருந்து மாமாவின் குரல். "அத்தான், என்னதான் சொல்லுங்கோ, வெள்ளைக்காரன்ர கைவேலை கைவேலைதான். இப்பிடி ஒரு சாமானை எங்கட ஆக்களால செய்யேலுமே? பொறுமை வேணும், மூளை வேணும்." ஐயா அவருக்கு இன்னும் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நான் எழும்பினேன். அம்மா என் தோளில் கை வைத்து இருத்திவிட்டு, பேணியும் கையுமாகத் தானே வெளியே போனா.

"தம்பி, அது உன்ர மருமகள் காய்ச்சினது."

மாமா சிரித்தார். பிறகு அம்மாவின் கையில் இருந்த பேணியைக் கண்டு சிரிப்பை நிற்பாட்டினார். "தண்ணிக் கொம்பனி எண்டல்லோ அத்தான் சொன்னவர்?"

"பொய். நாலும் அவள் காய்ச்சினது. வெள்ளைக்காரன்ர கொப்பியில இல்லாததையும் அவள்தான் கண்டுபிடிச்சவள். இப்ப சொல்லு, எப்பிடி இருக்குது?"

மாமா கிளாஸை வாயில் கவிழ்த்தார். அலுவல் இருக்கிறதென்று எழும்பிப் போனார். கிளாஸில் ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். ஐயா தன் கிளாஸில் இருந்த மிச்சத்தை மெல்லக் குடித்து முடித்தார். நான் வெளிக்கிடும்போது படலை வரைக்கும் வந்தார்.

"சோளம் போட்டது நல்லம். அந்தப் பாணி மாதிரி இருக்கிறதுக்கு இனிப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு. அவளுக்குச் சொல்லுங்கோ." கொஞ்சம் நின்றார். "எழுதேக்க பேரை மட்டும் போட்டுடாதேங்கோ பிள்ளை."

குசினிக்குள் நாங்கள் கதைத்தது எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. மகளின் வேலையில் பிழை பிடிக்கிற அளவுக்கு உன்னித்துக் குடித்த மனிசனுக்கு அவளின் பெயரைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. திரும்பி வந்த பஸ்ஸில் கச்சான் கோதை உடைத்து உடைத்து என் ஆத்திரத்தைத் தீர்த்தேன். இருந்தாலும் வசனத்தை அப்படியே தோழிக்குச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இனிப்பு உண்மையிலேயே கூடத்தான்" என்றாள்.

இப்படி உங்கள் வீட்டுக்கும் யாராவது வெளிநாட்டிலிருந்து பியர் கொண்டுவந்தால் கேளுங்கள்: வெயில் படுகிற கண்ணாடி அலுமாரியில் அழகுக்கு அடுக்கி வைக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் பழுதாகும். கறுப்பு வகையைப் பிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணித்தியாலம் கழித்துத் திறவுங்கள். மஞ்சளை முதலில் குடியுங்கள், கறுப்பைக் கடைசியில். வாகனம் ஓட வேண்டியவர் கச்சானோடு நிற்கட்டும். கிளிநொச்சியிலிருந்து பின்னேரம் 4 மணிக்குப் பிறகு பஸ்ஸில் இருக்கை கிடைப்பது கஷ்டம், முந்தி வெளிக்கிடுங்கள். லேபிளைத் தயவுசெய்து கழுவாதீர்கள்.

இதைப் பெயர் இல்லாமல்தான் எழுதி முடித்து வைத்திருந்தேன். நேற்று அம்மா போன் எடுத்தா. எழுதியாயிற்றா என்று கேட்டா. ஓம், பெயர் போடவில்லை என்றேன்.

"போடு பிள்ளை. அவளுக்கும் விருப்பம்தான், கேட்டிட்டன்."

"ஐயா?"

"பக்கத்திலதான் இருக்கிறார். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். முழுப்பேராப் போடு."

நான் காத்திருந்தேன். மறுத்து ஒரு சத்தமும் வரவில்லை. அதனால் கழுவினதைத் திரும்ப ஒட்டுகிறேன்.

காய்ச்சியவர்: நிரோஜினி வேலாயுதம், வட்டக்கச்சி.